செருப்புப் போட்ட மோட்டார்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதுவது. இங்கே நான், அம்மா, வாலு மூவரும் நலம், என் வலது கைக் கட்டைவிரலைத் தவிர. அது துணிக்கட்டுக்குள் படுத்து ஓய்வெடுக்கிறது. பயப்படாதே, விரல் முழுதாக இருக்கிறது, நகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் தோல்தான் போனது. நீ அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். நான் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று இவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சரக்கு. கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது, கண்ணாடி என் தலையில் இருக்கிறது.)

போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். சொல்லத்தான் எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக வேறு பாதையில் போய்விடுகிறது, போன முறைகூட வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். தபாலில் போட்டால் நீ அந்த இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வந்து சேரும், அதனால் இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ அனுப்பிய கால் பிடித்துவிடும் மெஷின் இப்போது கால் பிடிப்பதில்லை, பல் பிடிக்கிறது. வந்த அன்றே கால் வைத்துப் பார்த்தேன், அம்மா சாட்சி. அந்த உருளைகள் பிடித்த பிடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீங்கின காலை அப்படி அமுக்கக் கூடாது என்று நம்மிடம் பல் செட்டு வாங்கும் டாக்டரம்மாவும் சொன்னார், பல் டாக்டர்தான் என்றாலும் டாக்டர் டாக்டர்தானே. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் துணி போட்டு மூலையில் மூடி வைத்தேன். அந்த வாரமே என் பாலிஷ் மோட்டார் புகைவிட்டுப் போய்ச் சேர்ந்தது. செட்டைக் கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒன்றுக்கே அரை நாள் போகிறது, ஓரமும் சரியாக வழவழக்காது. கீழ்ப்பல் ஈறில் குத்துகிறதாம் என்று டாக்டரம்மா ஒன்றைத் திருப்பி அனுப்பினார், மெஷின் சரியாகும்வரை வேலையை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளட்டுமா என்றும் மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் பயமாக இருந்தது. பல் கட்டுகிறவன் வாயைக் கட்ட வேண்டிய நிலை. உன்னிடம் புது மோட்டார் கேட்க மனம் வரவில்லை.

அவருடைய கிளினிக்கில் செத்துக் கிடந்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதற்குள் கரண்டை இறக்கிக் கொடுக்கும் பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது. அதிலிருந்த விசிறி மோட்டாரில் பாலிஷ் போடும் பஞ்சுச் சக்கரத்தை மாட்டினேன், பல்லைத் தொட்டதும் கூச்சப்பட்டு நின்றுவிட்டது. வேறு மோட்டாருக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வாலுதான் மூலையைப் பார்த்தாள். (பார்த்தது நான். திருப்புளியை எடுத்தது அவர்.) பெட்டியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தால் கால் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார் பேய் வேகம் போகிறது, சக்கரம் கழன்று பறந்து சுவர்க் காலண்டரில் அடித்தது. வேகத்தைக் குறைக்க மெஷினுடைய சொந்தப் பொத்தான்களே வேண்டியிருந்தன, மெது, நடு, வேகம் என்று மூன்று. ஆனால் உள்ளே கால் இருக்கிறது என்று நம்பினால்தான் அந்தப் பொத்தான்கள் வேலை செய்யும், நீ வாங்கியது அவ்வளவு புத்திசாலி மெஷின். அதனால் கால் வைக்கும் தட்டையும் கழற்றிக் கொண்டுவந்து மேஜைக்கடியில் வைத்து, அதன் மேல் என் பழைய செருப்பு இரண்டையும் வைத்து, கனத்துக்கு ஆளுக்கொரு பிளாஸ்டர் தாடை வார்ப்பையும் உள்ளே தள்ளினோம். (இடது காலில் மேல் தாடை, வலது காலில் கீழ்த் தாடை. செருப்பு இரண்டும் சிரிக்கிறது, அண்ணா.) நம்பிவிட்டது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நீ இப்போது இருக்கிற ஊர் பாஷையில் ஒரு பெண் குரல் மரியாதையாக ஏதோ சொல்கிறது, அம்மாவும் சரிம்மா சரிம்மா என்று பதில் சொல்லப் பழகிவிட்டாள். வேலை என்னவோ பிரமாதம். கண்ணாடி மாதிரி இருக்கே என்று டாக்டரம்மாவே சொன்னார், வேலையும் கையை விட்டுப் போகவில்லை. இதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மெஷினை ஏமாற்றினதோடு நிறுத்தியிருக்கலாம். அது ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினாய். என்னப்பா, அந்தப் பொம்பளை குரல் கேக்குதே, கால் வச்சிருக்கீங்களா, எப்படி இருக்கு என்று கேட்டாய். கையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல்லைப் பிடித்துக்கொண்டு, சுகமா இருக்குடா என்று சொன்னேன். நீ சிரித்தாய். வேலை முடிந்து வரும்போது உன் குரலில் ஒரு களைப்பு இருக்குமே, அது அப்படியே காணாமல் போனது. அதை மறுபடி கேட்க வேண்டும் என்று அடுத்த முறை வலி பாதி போச்சு என்றேன். அதற்கடுத்த முறை மாடிப்படி ஏறினேன், பிறகு கடைத்தெருவரை நடந்தேன். பொய்க்கு என்ன, மூட்டு வலியா இருக்கிறது, அது பாட்டுக்கு நடந்துகொண்டே போனது. (ஓடினேன் என்று சொல்லாததுதான் பாக்கி. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. மோட்டாரைக் கழற்றினது தெரிந்தால் நீ என்னைத்தான் திட்டுவாய் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.)

போன வாரம் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. உங்களுக்குத்தான் சரியாயிடுச்சேப்பா, இங்கேயே இன்னும் ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்துடறேன், ஊருக்கு வர எடுத்த லீவை என்னோட வேலை பாக்கிறவனுக்கு விட்டுக் குடுத்துடறேன் என்றாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பின்பக்கப் படியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என்னோடு நேரே பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்று வாலுவிடம் சொல்கிறாள். விரலில் தோல் போனதும் அன்றைக்குத்தான், கண் மட்டும் சக்கரத்தில் இருந்தது.

இனி உண்மை. காலையில் முழங்கால் மடங்குவதில்லை, நடக்கக் கொஞ்சம் சிரமம். (கொஞ்சமாம். பட்டறையிலிருந்து குளியலறைவரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். அவர் கை போகிற உயரத்தில் சுண்ணாம்பு கோடாகக் கறுத்துவிட்டது.) சாயங்காலம் வலது கால் வீங்கிவிடுகிறது. அந்தச் செருப்பு மேஜைக்கடியில் எப்படிச் சும்மா கிடந்தது என்று நினைக்கிறாய், என் கால் அதில் நுழைவதில்லையப்பா. வியாழக்கிழமை எலும்பு டாக்டரிடம் போகிறேன், அம்மா நேரம் வாங்கிவிட்டாள், வாலு கூட வருகிறாள். வைத்தியத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை, அதற்கு இங்கே ஆள் இருக்கிறது. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால், கூட இருக்கிறவர்கள் நல்லவர்கள் என்றால், இருந்துதான் ஆக வேண்டும் என்று உனக்கே தோன்றினால், தாராளமாக எழுதிக் கொடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் காலை நம்பி மட்டும் கையெழுத்துப் போடாதே. அந்த மெஷினை எக்ஸ்ட்ரா ஷிப்ட் பார்த்து வாங்கினாயாம், அம்மாவிடம் சொன்னாயாமே. அதை நான் திருப்புளியால் கழற்றினேன், கழற்றிவிட்டு உன்னிடம் சுகம் என்றேன். மன்னித்துவிடு என்று உன்னிடம் இதுவரை நான் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை, இவளை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், இரண்டு ஷிப்டு ஒன்றாகப் பார்க்காதே. முக்கியமாக ஒன்று, கூட வேலை பார்க்கும் அந்தப் பையனும் அவன் அப்பாவுக்கு இதே மெஷின் வாங்கப்போகிறான் என்றாயே, கால் வீக்கம் இருந்தால் வேண்டாம் என்று நாளைக்கே அவனிடம் சொல்லிவிடு. என் பேச்சைக் கேட்டு இன்னொரு பிள்ளை ஏமாற வேண்டாம். உன் சொந்தப் பல்லோடு பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
(இடது கையால் போட்டது, அதான் கோணல்)

(அண்ணா, வா என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. நான் சேர்க்கவில்லை. வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை, அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.)