கடிகாரத்தில் மூன்று எண்கள்

மார்ச் 3, செவ்வாய்

கடைவாய்ப் பல்லுக்காகப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். முறை வருவதற்குள் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிற மனம் வேறெங்கே போகும், கணக்கில்தான் போய் விழுந்தது. பன்னிரண்டு எண்களில் ஏதாவது மூன்றை எடுத்துக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். முள் செருகியிருக்கும் நடுப்புள்ளி அந்த முக்கோணத்தின் உள்ளே விழ என்ன வாய்ப்பு?

நான் போட்ட கேள்விதான். ஜனவரியில் நடந்த ஒலிம்பியாட் தேர்வில் ஒன்பதாவது. கடிகாரம் என்று சொல்லாமல், பன்னிரண்டு சம பக்கங்கள் கொண்ட உருவம் என்று கேட்டிருந்தேன். சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி பன்னிரண்டையும் ஆறையும் மூன்றையும் மனசுக்குள் இணைத்துப் பார்த்தேன்.

பன்னிரண்டிலிருந்து ஆறுக்குப் போகிற கோடு நடுப்புள்ளியின் மேலேயே போகிறது. புள்ளி உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கோட்டின் மேல் இருக்கிறது.

கூப்பிட்டது காதில் விழவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். "பயப்படாதீங்க சார், ஊசி வலிக்காது." வலித்திருக்கலாம்.

மார்ச் 4, புதன்

மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நான் கொடுத்த விடை தப்பு.

மொத்தம் 220 முக்கோணங்கள். மையத்தை வெளியே விடுபவை 120. மிச்சம் நூறும் மையத்தை உள்ளே வைத்திருக்கின்றன என்று எழுதி, பதினொன்றில் ஐந்து என்று கொடுத்திருக்கிறேன். அந்த நூறில் அறுபது முக்கோணங்களுக்கு மையம் கோட்டின் மேல் இருக்கிறது. உண்மையில் உள்ளே வைத்திருப்பவை நாற்பதுதான். சரியான விடை பதினொன்றில் இரண்டு.

முதலில் நான் போட்டது பதினொரு பக்க உருவம். அதில் எதிரெதிர் முனையே கிடையாது, இந்தச் சிக்கலும் கிடையாது. கேள்வி போடும் குழுவின் தலைவர்தான், "பதினோரு பக்கம் வரையறதுக்குள்ள பசங்களுக்குத் தாவு தீர்ந்துடும். பன்னெண்டா மாத்துங்களேன்" என்றார். மாற்றினேன். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு கேள்வியையும் போட்டவரைத் தவிர இன்னொருவர் விடை பார்க்காமல் போட்டுப் பார்க்க வேண்டும். பதினொன்றைத் தலைவரே போட்டுப் பார்த்துக் கையெழுத்தும் வைத்திருந்தார். "நம்பர்தான் மாத்தியிருக்கேன், முறை அதேதான்" என்று நான்தான் சொன்னேன். அவரும் சரி என்றார். முப்பது வருஷமாகக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சொன்னவனுக்குத்தான் புத்தி எங்கே போச்சு.

மார்ச் 5, வியாழன்

எழுதாமல் இருந்தால் இல்லாமல் போய்விடுமா? எழுதிவிடுகிறேன்.

தேர்வு முடிந்த அன்று காம்பஸ் மாடிப்படி ஏறி ஓடிவந்தாள். கீழ் வீட்டில் இருக்கும் அக்கா மகள். சின்ன வயதில் திட்டினால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு காலால் சுற்றிச் சுற்றி வருவாள், அதைப் பார்த்து நான் வைத்த பெயர். "மாமா, ஒன்பதாவது கேள்வி உங்களோடதுதானே? வாசனையே காட்டிக்குடுத்துடுச்சு!" என்றாள். "பதினொண்ணுல அஞ்சு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே போட்டேன். ஒரு முனையில நின்னு, ஒரு பக்கத்துப் பாதியை மட்டும் எண்ணி, மொத்தத்துல கழிச்சேன்."

அன்றைக்கு எவ்வளவு பூரித்துப்போனேன். குழுவில் சேர்ந்த பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன், அவள் தாளை நான் தொடுவதும் இல்லை. எல்லாம் ஒழுங்குதான். ஆனால் அதற்கு முன்பு ஆறு வருஷம் சொல்லிக்கொடுத்தேனே. என் குறுக்குவழியும் அதிலிருந்த ஓட்டையும் சேர்ந்தே அவளுக்குப் போயிருக்கின்றன.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அணிக்கு ஆறு பேர். அவள் ஆறாவது.

மார்ச் 6, வெள்ளி

அக்கா பெட்டி வாங்கிவந்துவிட்டாள். நீல நிறம், நாலு சக்கரம். வீட்டுக்குள்ளேயே உருட்டிக் காட்டினாள். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காதவள் இன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். "உன் புண்ணியம்டா தம்பி. எங்க வம்சத்துல கணக்குல பாஸானதே நீ ஒருத்தன்தான், இப்ப இவ" என்றாள்.

சாப்பாடு இறங்கவில்லை. பல்லின் மேல் பழியைப் போட்டேன்.

மார்ச் 7, சனி

செய்யக்கூடாததைச் செய்தேன். மதிப்பெண் பட்டியலைத் திறந்து பார்த்தேன். குழுவில் இருப்பதால் என் கணினியில் திறக்கும், எட்டிப் பார்க்க எனக்கு எந்த வேலையும் இல்லை.

காம்பஸ் 61. ஏழாவதாக வந்த பிள்ளை 57. யாரோ, எந்த ஊரோ, பெயர் இருக்கும் இடத்தில் எண்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தாளையும் திறந்தேன். ஒன்பதாவது கேள்விக்குப் பதினொன்றில் இரண்டு. பக்கத்தில் சிவப்பில் சுழி.

சரியாகத் திருத்தினால் காம்பஸுக்கு மூன்று போய் 58. அந்தப் பிள்ளைக்கு மூன்று வந்து 60.

ஐந்தாவது படிக்கிற குழந்தைகூடப் போட்டுவிடும் இந்தக் கணக்கை.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு வழி இருக்கிறது. கேள்வியை ரத்து செய்து எல்லோருக்கும் மூன்று மதிப்பெண் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளை 60, காம்பஸ் 61.

யாருக்கும் நஷ்டமில்லை. பாம்பும் சாகும், கம்பும் உடையாது.

மார்ச் 9, திங்கள்

குழுக் கூட்டம். எழுந்து நின்று, விடை தப்பு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருவர், "எல்லைக் கோடும் உள்ளேதான்னு சொல்லிட்டா உங்க விடை சரிதானே?" என்று கை கொடுக்கப் பார்த்தார். கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே எல்லை சேராது என்று போட்டிருப்பதை எடுத்துக் காட்டினேன். அந்த வரியையும் எழுதியவன் நான்தான். அந்த அளவுக்கு நேர்மைக்கு என்னிடம் குறைச்சலே இல்லை.

பிறகு, ரத்து செய்து எல்லோருக்கும் மூன்று கொடுத்துவிடலாம் என்றேன். அவர்களுக்கும் அதுதான் சௌகரியம். ஒத்துக்கொண்டார்கள்.

தலைவர் என் முதுகில் தட்டினார். "இந்தக் காலத்துல யாரு சார் தானா முன்வந்து தப்பை ஒத்துக்கறா?" இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

அறிவிப்பு வந்துவிட்டது. 'ஒன்பதாம் கேள்வி ரத்து. அனைவருக்கும் முழு மதிப்பெண். அணியில் மாற்றம் இல்லை.'

மாற்றம் இல்லை.

மார்ச் 14, சனி

காம்பஸ் இரண்டு நாளாக மேலே வரவில்லை. இன்று வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். என் மேஜை ஓரத்தில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் போட்டுப் பார்த்தேன் மாமா. பதினொண்ணுல ரெண்டுதான் வருது."

"ஆமாம்."

"அப்படின்னா கேள்வி சரிதானே? விடைதானே தப்பு. கேள்வி தப்பா இருந்தாத்தானே ரத்து பண்ணுவாங்க?"

குழுவின் முடிவு அது என்றேன்.

"சரியா எழுதினவங்க இருப்பாங்கல்ல? அவங்களுக்கும் மூணு, எனக்கும் மூணா?" அப்புறம் கேட்டாள். "ஒழுங்கா திருத்தியிருந்தா நான் ஆறு பேர்ல இருந்திருப்பேனா?"

"தெரியாது."

"உங்களுக்கா தெரியாது?"

"தெரியாதும்மா. பட்டியலெல்லாம் நாங்க பார்க்க மாட்டோம்."

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். நம்பிவிட்டாளா? நம்பியிருந்தால் அது இன்னும் கேவலம். பிறந்த அன்று கையில் வாங்கின குழந்தையிடம், கண்ணைப் பார்த்து, நாக்கூசாமல். எப்படிடா முடிஞ்சுது உன்னால? அவளுக்காகத்தான்னு சொல்லாதே. கூட்டத்துல உன் பேரு கெடாம, அக்கா முகம் வாடாம, நீ நல்லவனாவே இருக்கணும். அதுக்குத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

அந்தப் பிள்ளைக்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை. நான் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னது. அவ்வளவுதான் அது செய்த குற்றம்.

மார்ச் 17, செவ்வாய்

தலைவர் வீட்டுக்கே போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ரத்து கூடாது, சரியான விடைக்கு மட்டும்தான் மதிப்பெண் என்றேன்.

"முடிஞ்சுபோனதை ஏன் சார் கிளறறீங்க? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிடும்."

"எல்லாருக்கும் மூணுன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் பட்டியலைப் பார்த்துட்டேன். அக்கா பொண்ணு உள்ள இருக்கற மாதிரி ஒரு வழியைத் தேடிக்கிட்டுத்தான் கூட்டத்துக்கே வந்தேன்."

குழாயை மூடினார். "கை தட்டினோமே சார்" என்றார். கடைசியில் அவர் சொன்னது அவ்வளவுதான். ராஜினாமாவை நானே எழுதிக் கொடுத்தேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

அறிவிப்பு வருவதற்குள் நானே கீழே போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பல் டாக்டர் கடிகாரத்தில் தப்பு தெரிந்தது, பட்டியல் பார்த்தது, ரத்து, தெரியாது என்று சொன்னது.

அக்கா கையில் பாதி மடித்த துணி. "உன் கேள்வி, உன் தப்பு. தண்டனை மட்டும் என் பொண்ணுக்காடா?"

வேறு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியை அவள் சரியாகவே போட்டிருக்கலாம்.

காம்பஸ் அழவில்லை. "அன்னிக்கே தெரியும்னு சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்தினாள்.

மார்ச் 21, சனி

ஏழாவது பிள்ளைக்குத் தலைவர் போன் செய்தாராம். "ராங் நம்பரா சார்?" என்று கேட்டதாம். இரண்டு முறை சொன்ன பிறகுதான் நம்பியதாம். இதை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது அவருக்கு.

ஏப்ரல் 6, திங்கள்

மேலே சாப்பாடு வருகிறது. அத்தான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். பஸ் ஓட்டுகிற மனிதர், சும்மாவே அதிகம் பேச மாட்டார். "கொஞ்ச நாள் போகட்டும் மாப்ள" என்றார் இன்று.

நீலப் பெட்டி மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. இறங்கும்போதும் ஏறும்போதும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று அணி கிளம்பியிருக்கும். கீழே மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா தைக்க மாட்டாள்.

ஜூன் 11, வியாழன்

காம்பஸ் எங்கோ கணக்கு டியூஷனுக்குப் போகிறாள். யாரிடம் என்று கேட்கவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

அக்கா படியில் நின்று கூப்பிட்டாள். "சோறு ஆறுது. கீழ வந்து தின்னுட்டுப் போ. என்னால மாடி ஏற முடியாது." ஏறி வருகிறவர் அத்தான்தான் என்று நான் சொல்லவில்லை. இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன். மூவரும் எனக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். காம்பஸ் உப்பை என் பக்கம் தள்ளினாள். இதுவே அதிகம்.

பிப்ரவரி 7, ஞாயிறு

இந்த வருஷத் தேர்வு இன்று. எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் படியில் காலடிச் சத்தம். காம்பஸ். வாசலில் தயங்கிவிட்டு உள்ளே வந்து, பழைய இடத்திலேயே, மேஜை ஓரத்தில் சாய்ந்தாள்.

"நம்ம கடிகாரக் கேள்வி மாதிரியே ஒண்ணு வந்துச்சு மாமா. இருபது பக்கம்."

மேலே கேட்க எனக்கு என்ன உரிமை?

"உங்க வழியில போடல. எதிரெதிர் முனையை முதல்லயே தனியா எடுத்து வெச்சுட்டேன்."

"சரியா வந்துச்சா?"

"தெரியாது" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்ன தெரியாது இல்ல. நிஜமாவே தெரியாது."

பிறகு என் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் தனித்தனித் தாளில் போட ஆரம்பித்தோம். என் தாளைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொன்னாள்.