தண்ணிக் குளிசை போடாத நாட்கள்

ராத்தா,

பதில் எழுத முடியாதவருக்கு மடல் எழுதுவது சரியோ தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை மூதூரிலிருந்து வந்த ஒரு புதிய நோயாளி என் பக்கம் சாய்ந்து, "மிஸ், தண்ணிக் குளிசையப் போட்டுட்டு பஸ்ஸுல எப்பிடி வாற?" என்று மெல்லக் கேட்டார். உடம்பின் நீரை இறக்கி அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும் அந்த மாத்திரை அவரையும் பயமுறுத்துகிறது. எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது.

நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும் நோய்க்குப் புதிய மருந்தொன்றைப் பரிசோதிக்கும் எங்கள் ஆய்வுக்கு, நீங்கள் கிண்ணியாவிலிருந்து வருவீர்கள். ஆறு நிமிடத்தில் நீங்கள் நடக்கும் தூரத்தை அளப்பது என் வேலை. அப்போது ஆய்வு விதிகளில் எழுதியுள்ள சொற்களைத் தவிர வேறொன்றும் நான் பேசக்கூடாது. "புதுப் பொண்ணு மாதிரி வாய மூடிட்டு நிக்கிறாய்" என்று மூச்சு வாங்கியபடியே கேலி செய்வீர்கள்.

மூன்றாவது வருகையில் தூரம் குறைந்தது. வீங்கிய காலில் செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"வாற நாளும் அதுக்கு முதல் நாளும் தண்ணிக் குளிசை போடுறல்ல, புள்ள. நடுவழியில பஸ்ஸ நிப்பாட்டச் சொல்ல, கொண்டக்டர் என்ன என்ட மாப்பிளையா?"

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"டொக்டர்ட்ட சொல்லிப் போடாத. என்ன ஆய்விலிரிந்து வெட்டிப் போடுவாங்க. இந்த மருந்த விட்டா எனக்கு வேற என்ன இரிக்கி?"

நான் குனிந்து அன்றைய தூரத்தைத் தாளில் எழுதினேன்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். டொக்டர்மாரின் மேசை முன்னால் குரலே எழும்பாது. ஆனால் அந்தத் தூரத்தை மட்டும் எழுதினால், பழி மருந்தின் மேல் விழும். உங்கள் உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். அன்று பின்னேரமே சொன்னேன். டொக்டர் உங்களை விலக்கவில்லை. எல்லோருடைய நடைச் சோதனையையும் பிற்பகலுக்கு மாற்றினார். விடியவே குளிசையைப் போட்டு, வீட்டிலேயே எல்லாம் முடித்துவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் வரலாம்.

அடுத்த முறை உங்கள் கால் வற்றியிருந்தது, தூரமும் கூடியது. ஆனாலும், "உன்னோட கதை இல்ல" என்று பேச்சை முறித்து முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதற்கடுத்த முறை, நீங்கள் போய்விட்ட செய்தியோடும் மிச்ச ஆய்வுக் குளிசைக் குப்பியோடும் உங்கள் மகள்தான் வந்தார். அதில் இருந்தது புதிய மருந்தா, மருந்தில்லாத வெறும் குளிசையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நான் சொன்னது சரிதான், ராத்தா. இன்றும் சொல்வேன். ஆனால் டொக்டரிடம் போகுமுன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிழை என்னுடையது.

திங்கட்கிழமை ஆய்வு வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். ஊரும் பேரும் இல்லாமல் உங்கள் கதையை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்த முறை முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

சொல்லட்டுமா?