அப்பா செய்த பெட்ரோல் குழாய்

மலாயா, 1936 ஜூன் 4, வியாழன்
தோட்டத்துக் கணக்கெழுதும் கிரானி வேலையில் அப்பா வாங்கிய பழைய காரில் பெட்ரோல் குழாய் வெடித்துச் சொட்டுகிறது. லுக்குட் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு என்னைப் பதினைந்தாம் தேதி நேரில் வரச்சொல்லிக் கடிதம். "கார் ஓடினா போ. பஸ்ஸில எல்லாம் பொம்பளப்பிள்ள போகவேணாம்" என்கிறார் அப்பா. என் உத்தியோகம் இப்போது ஒரு முழக் குழாயின் கையில்.

ஜூன் 6
சிரம்பான். லோபாக்கில் மீரா சாஹிப்பின் கார் சாமான் கடை. பித்தளைக் கம்பி பின்னிய குழாயை எடுத்துக் காட்டினார். "கிரானியாரே, பெட்ரோலுக்கு இதுதான் தாங்கும். வெறும் ரப்பர் வேணாம் லா."
அப்பா சிரித்தார். "ரப்பர் தோட்டத்துக் கிரானி குழாய்க்குக் கடை தேடி வரணுமா?" வெறுங்கையோடு திரும்பினோம்.

ஜூன் 8
ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகை ஆறுமுகம், காய்ந்த ஷீட்டைக் கம்பியில் சுற்றி ஒட்டிக் குழாயாக்கிவிட்டார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும் பசையே பெட்ரோலில் கரைத்த ரப்பர்தான், புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.
"புஸ்தகமா மரத்துல பால் வெட்டுது?" என்றார் அப்பா.

ஜூன் 9
மாட்டினார்கள். ஓடுகிறது. அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே தோட்டத்தை மூன்று முறை சுற்றினார். நான்தான் தப்பாகப் படித்தேனோ?

ஜூன் 11
காலைப் பெரட்டில், ஆள்கணக்குக்கு நின்ற இருநூறு பேர் முன்னால் கார் நின்றுவிட்டது. குழாய் ஊதிப்போய்ப் புடலங்காயாய்த் தொங்கியது. தொட்டால் பிசின். அப்பா இழுத்தார் — வலது கை ஒட்டிக்கொண்டது. பிரிக்க இடது கையைக் கொடுத்தார் — அதுவும். பால் வெட்டும் மாரியம்மா தன் பால் கோப்பையைக் கொண்டுவந்து அடியில் பிடித்தாள். "ஐயா, உங்க கார் நல்லாப் பால் குடுக்குது லா!"
அங்கே நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுதேன். இன்னும் நாலே நாள்தான் இருக்கு. என்ன பண்ணப்போறேன்?

ஜூன் 13
நீளத்தையும் பருமனையும் நூலால் அளந்து, மீரா சாஹிப்புக்குச் சீட்டு அனுப்பினேன். தோட்டத்து லாரியில் பித்தளைப் பின்னல் குழாய் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 14
அப்பாவின் விரல் இடுக்குகளில் இன்னும் பிசின். ஸ்பானரைப் பிடித்தால் அது விடமாட்டேன் என்கிறது. நான்தான் காருக்கு அடியில் படுத்தேன். பழைய பிசினைச் சுரண்டி, புதுக்குழாயை மாட்டி, கிளிப்பை முறுக்கினேன். "யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க!" என்று அம்மா ரோட்டுப் பக்கம் சேலையைக் காயப்போட்டு மறைத்தாள்.
அப்பா குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு சுத்து முறுக்கும்மா." மூன்று நாளில் அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

ஜூன் 15
நேரத்துக்குப் போய்விட்டோம். பெரிய வாத்தியார் என் கறுத்த நகங்களையே பார்த்தார். "கார் வேலை" என்றேன். ஜன்னல் வழியே காரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜூலை ஒண்ணாம் தேதி வேலைக்கு வரச்சொன்னார்.

ஜூலை 1
இரண்டாம் வகுப்பு என்னுடையது. என்னை இறக்கிவிட்ட அப்பா போகவில்லை. காரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கார் கிளம்பவில்லையா என்று பெரிய வாத்தியார் போய் விசாரித்தாராம்.
"காருக்கு ஒண்ணுமில்ல சார். இங்கேர்ந்து பார்த்தா அவ பாடம் நடத்துறது தெரியுது."