ஒரு புள்ளி வைத்த வால்வு

உன் மனைவி சரசு விட்டுவிட்டுப் போன பால்பவுடர் டப்பா மேஜைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்தாலே உன் பட்டறை வாசனை. கருகிய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், அரம் போட்ட பித்தளைத் தூள். மூடிவிட்டு எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்து மறுபடி திறந்தேன். இந்தக் கடிதத்தை நாலாவது தடவையாக ஆரம்பிக்கிறேன். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது என்று உனக்குத் தெரியும். "கால்ல சக்கரம் கட்டிகினு பொறந்தவன்டா நீ, பிரேக் வெக்க மறந்துட்டாங்க" என்பாய்.

நம் எஞ்சின் நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது அபத்தம். யுத்த காலத்து மிலிட்டரி லாரியிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் கிழடு. எல்லோரும் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். நாம் அதை ஒரு ஓட்டைக் காரின் சட்டத்தில் ஏற்றினோம். பானெட் கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. அதை வைத்துக்கொண்டு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் கார்களோடு பந்தயம் விட்டோம். அறுபதுகளின் கடைசி. நமக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை, பயமும் இல்லை.

ஆனால் வால்வு யோசனை உனக்குப் பந்தயத்தால் வரவில்லை, உன் பட்டறைக்கு எதிரே, ஆந்திர எல்லையில் லாரிகளை நிறுத்தும் எளாவூர் செக்போஸ்ட்டால் வந்தது. பிஸ்டன் ஓரமாகத் தப்பி எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கும் புகையை, அன்றைய எஞ்சின்கள் ஒரு குழாய் வழியாகக் கீழே ரோட்டில் விட்டுவிடும். வண்டி ஓடும்போது தெரியாது. செக்போஸ்ட்டில் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும்போது அது டிரைவர் இருக்கும் கேபினுக்குள் ஏறும். தலையைப் பிடித்துக்கொண்டு உன் பட்டறை வாசலில் வந்து உட்காருவார்கள். ஒரு நாள் ஒருத்தர் வாந்தி எடுத்ததை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "இந்த நாத்தத்த வெளிய உடாம, எஞ்சினுக்கே துன்னக் குடுத்துட்டா இன்னா?"

அதைத்தான் செய்தாய். புகையை ஒரு குழாயால் கார்புரேட்டர் பக்கம் இழுத்து எரிய விட்டாய். நடுவில் நீயே கடைந்த ஒரு சின்னப் பித்தளை வால்வு. எஞ்சின் பேக்ஃபயர் அடித்தால் நெருப்பு உள்ளே போகாமல் அது அடைத்துக்கொள்ளும். நல்ல காற்று நுழையவும், முழு வேகத்தில் மிஞ்சுகிற புகை வெளியேறவும், ஆயில் ஊற்றும் வாயில் சல்லடை மூடி. இந்த வாய் மட்டும் எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாய்! வால்வைக் காதருகே வைத்து ஆட்டுவாய். உள்ளே கிலுக் என்றால், "உயிரோட கீது" என்று சிரிப்பாய்.

சோழவரத்தில் ஒரு பந்தயம் முழுக்கத் தாங்கினால் லாரிகளுக்குப் போடுவதாகப் பேச்சு. மூன்று டிரைவர்கள் இப்போதே போட்டுத் தரச் சொல்லி உன்னை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பந்தயத்தன்று எனக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் கடம்பத்தூரிலிருந்து பந்தயம் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கப் போட்டுக்கொள்ள நான் புது வெள்ளைச் சட்டை கொண்டுவந்திருந்தேன். காலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது சல்லடை வழியாக ஆயில் தூவானம் பறந்து முகத்தில் அடித்தது. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ டயருக்குக் காற்றடிக்கப் போயிருந்தாய். கை துடைக்கிற பனியன் துணியில் ஒரு பிடியை அந்த மூடிக்குள் திணித்துவிட்டு, புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஒரு பந்தயம்தானே என்று நினைத்தேன்.

மூன்றாவது சுற்றில் எஞ்சின் வயிற்றில் அடைபட்ட புகை போக்கிடம் இல்லாமல், ஆயில் கசியாமல் தடுக்கும் பின்பக்க ‘சீல்’ வளையத்தைப் பிதுக்கியது. ஆயில் கொட்டி, பழுத்திருந்த சைலன்சர் குழாயில் விழுந்து பற்றிக்கொண்டது. நான் குதித்து ஓடினேன். நீ எதிரே ஓடி வந்தாய், என்னைத் தாண்டி வண்டிக்கு. கையாலேயே மண்ணை வாரி வாரிப் போட்டாய். இடது கை முழங்கை வரை வெந்துபோனது. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான் செய்த முதல் வேலை, அந்தத் துணியைப் பிடுங்கி என் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டது. சட்டையில் ஒரு கறை இல்லை. கல்யாணமும் நடந்தது.

பத்து நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாய். எங்கும் அடைப்பு இல்லை. வேறு யாரைக் குற்றம் சொல்வாய்? "வால்வு சிக்கிகிச்சிடா. என் தப்பு. உன்னக் கொன்னுருப்பேன்" என்றாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான், "பரவால்ல, உடுடா" என்றேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த கேவலமான சொல் அதுதான்.

அந்த மூன்று டிரைவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டாய். யார் கேட்டாலும் தலையாட்டி மறுத்தாய். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. எளாவூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் லாரி வரிசையைப் பார்க்காமல் பஸ்ஸில் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். உன்னிடம் சொல்லிவிடத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். டீயைக் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போவேன். நீயும் என் காலைத்தான் கேலி செய்தாய்.

காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. முப்பதாம் நாள் காரியம் முடிந்து, போன வாரம் சரசு இந்த டப்பாவோடு வந்தாள். உள்ளே ஏழு வால்வுகள். செய்த வரிசைப்படி ஒன்றிலிருந்து ஏழு வரை புள்ளி குத்தி வைத்திருக்கிறாய். ஒரு புள்ளி உள்ளது அன்று பந்தயத்தில் ஓடியது. எனக்கு அதுவரை தெரியாது. அந்த நெருப்புக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாயாம். ஸ்பிரிங்கை மாற்றுவாயாம், துளையை மாற்றுவாயாம்.

"எங்கியோ ஒரு தப்பு கீது சரசு, அது மட்டும் தெரிஞ்சிட்டாப் போதும்னு கடைசி வரிக்கும் சொல்லிகினே இருந்தாரு" என்றாள். "நீங்க ஃபேக்டரில கீறவரு. பாத்து சொல்லுங்கண்ணா. எதுல இன்னா தப்பு?"

எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். வெள்ளைச் சட்டை, பனியன் துணி, பேன்ட் பை, எல்லாவற்றையும். முதல் வால்விலேயே தப்பு இல்லை என்றும் சொன்னேன்.

சரசு அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தேன். "அவரு கை வெந்தப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றாள். ஆமாம் என்றேன்.

டப்பாவைக் கவிழ்த்து, ஒரு புள்ளி வைத்ததைத் தேடி எடுத்தாள். புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"இது அவரு பண்ணது. மிச்ச ஆறும் நீங்க பண்ண வெச்சது. நீங்களே வெச்சிக்குங்க."

கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டாள்.

இப்போதுதான் ஆறையும் எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன், துணியை வைத்த அதே பக்கம். அடி எடுத்து வைத்தால் கிலுக் கிலுக் என்கின்றன. ஆறும் உயிரோடுதான் இருக்கின்றன. உட்கார்ந்தால் சத்தம் அடங்கிவிடும். என்னால் உட்கார முடியவில்லையடா.