மூன்றாம் படத்தில் இருப்பவர்

12.11.1974, செவ்வாய். சித்திரபுரம்.

விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாலும் அஞ்சலட்டைகள் துரத்துகின்றன. மூளையைப் பற்றிய என் கட்டுரையின் பிரதி கேட்டு இன்று ஜப்பானிலிருந்து ஒன்று. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதன் மூன்றாம் படத்தைத்தான். நான் வந்திருப்பதை அண்ணி பெருமையாகச் சொன்னது சூரியநெல்லி எஸ்டேட் வரை போய்விட்டது.

மத்தியானம் அங்கிருந்து செல்லம்மா வந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் வலிப்பில் இறந்த அவள் கணவனின் மூளைதான் அந்தப் படத்தில் இருப்பது. ஆராய்ந்துவிட்டுத் திருப்பித் தருவேன் என்று சொல்லித்தான் அன்று கைநாட்டு வாங்கினேன்.

"கனவுல தலையத் தடவிக்கிட்டே நிக்காக சார். வேலை முடிஞ்சிருந்தா குடுத்துருங்க, ஆத்துல கரைச்சிருதேன்."

மெல்லிய சீவல்களாக வெட்டி, நீலச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது? அச்சான கட்டுரையை நீட்டினேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல அவுக பேரு எங்க சார் இருக்கு?"

படத்தின் கீழே 'நோயாளி 7' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் அவர் பெயர் நினைவுக்கு வரவில்லை.