அந்நியப் பொருள் கலப்பு

அன்புள்ள சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா என் தொல்லை தாங்காமல் என்னை நூலகத்து வீடியோ வகுப்பில் சேர்த்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன், ரிட்டயரானதும் சமையலறை டப்பா மூடிகளைச் சோதிக்க ஆரம்பித்தால் அவளும்தான் என்ன செய்வாள், பாவம். டீச்சர் உன் வயதுப் பெண். முதல் நாளே, ரெண்டு நிமிஷப் படம், எதைப் பத்தி வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் எடுங்க என்றாள். எத்தனை தவறு வரை விடலாம் என்று கேட்டேன். விதியே கிடையாது சார் என்று சிரித்தாள். விதியில்லாமல் மனுஷன் எதை வைத்துத் தேறுவான், சொல்லு! சரியென்று போனும் கையுமாக வீட்டைச் சுற்றி நாற்பத்திரண்டு துண்டு எடுத்தேன், பிறகு பழைய புத்தியில் உட்கார்ந்து சோதித்தேன். கை ஆடியது, கழி. பால் பொங்கி நான் போனோடு ஓடியது, கழி. அம்மா குறுக்கே வந்து இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா என்றது, கழி. தேறியது ஒன்றே ஒன்று, சுவர்க் கடிகாரம், சரியாக இரண்டு நிமிஷம். வகுப்பில் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார், அவரைப் பார்த்து நானும் விட்டேன்.

நாற்பத்திரண்டில் தேறியது இது ஒன்றுதான் என்றேன், மீதி எங்க சார் என்று டீச்சர் கேட்டாள். தொழிற்சாலையில் கழித்த பாட்டிலுக்கும் குறையை எழுதிச் சீட்டு ஒட்டுவோம் இல்லையா, அதே வழக்கத்தில் நாற்பத்தொரு துண்டுக்கும் குறையையே பெயராக வைத்திருந்தேன். அம்மா வந்த துண்டுக்குப் பெயர் 'அந்நியப் பொருள் கலப்பு'. (அவளிடம் சொல்லித் தொலைக்காதே.) டீச்சர் ஒவ்வொரு சீட்டையும் வாசித்து வாசித்துப் போட்டாள், வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இதுதான் சார் உங்க படம் என்றாள்.

எல்லாரும் சிரிக்கும்போது எனக்கு உன் நினைப்பு வந்தது. இரண்டு வருஷம் முன்பு நீ வரைந்து அசைய வைத்த மழைப் படத்தை முதலில் எனக்குத்தான் அனுப்பினாய். நான் பதினேழு தவறு எண் போட்டு எழுதினேன், ஒன்பதாவது, குடைக்கு எட்டுக் கம்பி இருக்க வேண்டும், ஏழுதான் இருக்கிறது. படம் நன்றாக இருந்தது என்று எழுதவே இல்லை. நன்றாக இருந்ததம்மா, தனியாக உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தேன். பிறகு நீ ஒன்றும் அனுப்பவில்லை. புதிதாக ஒன்று முடித்திருக்கிறாய் என்பதைக்கூட மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

என் படத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். தவறுகளை எண் போட்டு எழுது, பதினேழுக்குக் குறையாது. பதிலுக்கு உன் படத்தை அனுப்பு. கம்பிகளை எண்ண மாட்டேன். எண்ணினாலும் எழுத மாட்டேன்.

இருவரும் நீண்ட காலம் நிறைவாக வாழுங்கள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், குளிர் முதலில் உனக்கு அங்கேதான் ஏறும்.

கழிவுப் பிரிவிலிருந்து,
உன் அப்பா