மேட்டில் ஒரு கல், சரிவில் ஒரு கல்

மாப்பிள்ளை,

இன்று காலையில் மருமகன் காளைக்குப் பிண்ணாக்கு உடைத்து ஊறவைத்தார். எள்ளுப் பிண்ணாக்கு. கட்டுத்தரையிலிருந்து அந்த வாசம் கிளம்பி வாசலுக்கு வந்ததும், உட்கார்ந்த இடத்திலேயே "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வருவதற்கு முன்னால் உங்கள் வாசம் வந்து நிற்குமே, அந்தப் பழக்கம். சொன்ன பிறகுதான் நீங்கள் போன தையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது நினைவுக்கு வந்தது.

மருமகன் திரும்பிப் பார்த்தார். "யாரைக் கூப்பிட்டீங்க மாமா?"

"காளையத்தான்" என்றேன்.

"காளைய எப்ப இருந்து மாப்ளைன்னு கூப்படறீங்க?"

மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்க வேண்டும், கடுதாசி எழுதித் தர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். மருமகன் அம்மாபேட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் சொல்லச் சொல்ல, அச்சில் வருவதுபோல் திருத்தித்தான் எழுதுவேன் என்கிறார். எழுதட்டும். இதை யாருக்குத் தபாலில் போடுவது என்று அவர் கேட்கவில்லை; அந்த மட்டுக்கும் நல்ல மனுசன்.

நான் கேட்க வந்தது இதுதான். நம் கல் எது?

ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் மாப்பிள்ளை. வெள்ளைக்காரன் போன பிறகு பஸ் அதிகமாகிவிட்டது. எதிரும் புதிருமாக வந்தால் ஒதுங்க இடமில்லை என்று இரண்டு பக்கமும் வெட்டுகிறார்கள். சங்ககிரிக்குப் போகிற வழியில் ஓரத்தில் நிற்கிற கல்லையெல்லாம் ரோட்டு மேஸ்திரி பார்த்துக்கொண்டே வந்தார். ஆள் கேட்கிற கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, தள்ளி நடுகிறார்கள். கேட்பார் இல்லாத கல் ஜல்லிக்குப் போகிறது. மேட்டிலும் சரிவிலுமாக நிற்கிற இரண்டு சுமைதாங்கிக் கல்லில் ஒன்று நம் வீட்டுக் கல். எது என்று சந்தைக்கு முன்னால் சொல்லச் சொன்னார். கல் நட்டவர்கள் யாரும் இப்போது இல்லை; நீங்கள் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அல்லது முடிந்திருக்காது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த ரோட்டில் நீங்கள் கதை சொல்லாத கல் உண்டா? செக்குக்காரரிடம் பிண்ணாக்கு மூட்டை எடுத்து, சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, விடிகிற நேரத்தில் சந்தைக்குக் கிளம்புவோம். நான் முன்னால், நீங்கள் பின்னால். கழுத்தைத் திருப்ப முடியாததால் நாம் முகம் பார்த்துப் பேசியதே குறைவு. உங்கள் குரல்தான் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு வரும்.

முதலில் வருவது மைல் கல். அது ஒரு துரையின் குதிரை செத்த இடம் என்றீர்கள். அடுத்த மைல் கல் வந்தது. அங்கேயும் ஒரு குதிரை செத்திருந்தது.

"ஒரு தொரைக்கு எத்தன குதுரைதானுங்க மாப்ள சாகும்? அவன் நடந்தே போயிருக்கலாமே?"

"நடந்து போனா அவனைத் தொரைன்னு யாருங்க மச்சான் சொல்லுவாங்க?"

ஏரி மதகுக்குப் பக்கத்தில் எழுத்து வெட்டிய பலகைக்கல். நம் இருவருக்கும் அது கோழி கிளறின மண் மாதிரிதான். நீங்கள் மூட்டையோடு நின்று, விரலால் காற்றில் தடவிப் படித்தீர்கள். "இங்க வந்து எச்சி துப்பறவன் பல்லுக் கொட்டிப்போகும்னு ராசா எழுதி வெச்சிருக்கறாருங்க." படித்துவிட்டு வெற்றிலைச் சாற்றை அங்கேயே துப்பினீர்கள். அடுத்த மாதம் உங்கள் கடைவாய்ப்பல் விழுந்தது. அதைத் துணியில் முடிந்துகொண்டு வந்து காட்டினீர்கள். "பாத்தீங்களா, சரியாத்தான் படிச்சிருக்கறேன்."

அதைத் தாண்டினால் கத்தி ஓங்கி நிற்கிறவன் கல். அவன் காலடியில் நாலுகால் பிராணி ஒன்று. மழையிலும் வெயிலிலும் இரண்டு பேர் முகமும் தேய்ந்துபோயிருக்கும். ஒரு வாரம் அது புலி. மலையிலிருந்து இறங்கி மாட்டைப் பிடித்ததாம். இவன் தனியாளாக நின்று குத்திப்போட்டுத் தானும் செத்தானாம். அடுத்த வாரம் அது பன்றி.

"போன வாரம் புலின்னீங்களே மாப்ள?"

"போன வாரம் வெயிலு கண்ணுல அடிச்சுதுங்க. நல்லாப் பாருங்க, வாலு சுருட்டிக்கிட்டு இருக்குதா இல்லீங்களா?"

செக்குக்காரர் நாய் உங்கள் வேட்டியைக் கிழித்த வாரத்தில் அது நாயாகவும் ஆனது. அந்த வீரன் அதை ஓங்கிக் குத்துவதை நீங்கள் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு வந்தீர்கள்.

எனக்கு மறதி இல்லை. ஊரில் எல்லைத் தகராறு என்றால் இன்னமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஞாபகம்தான் இப்போது தொல்லையாகிவிட்டது. புலியும் ஞாபகம், பன்றியும் ஞாபகம், நாயும் ஞாபகம். இதில் எது நிஜம் என்று நீங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மற்ற கல்லுக்கெல்லாம் அது பரவாயில்லை. எந்தப் பிராணி என்றாலும் அந்த ஆள் செத்தது செத்ததுதான்.

தங்கச்சி கல் அப்படியா?

உங்களுக்குக் கட்டிக்கொடுத்தவள் வயிற்றில் பிள்ளையோடு கண்ணை மூடினபோது நான் ஊரில் இல்லை. மேட்டூரில் அணை கட்டுகிற வேலைக்குப் போயிருந்தேன். சேதி வந்து, நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, கல்லும் நட்டாகிவிட்டது. இறக்காமல் போன அவள் சுமையை வழியே போகிறவர்கள் இறக்கிக்கொண்டே இருக்கட்டும் என்று, இரண்டு கால் நட்டு மேலே ஒரு பலகைக்கல். அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அவள் அதைப் பார்த்ததேயில்லை. "உங்க மாப்ளகிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு உங்களோடு முதல் சுமை எடுத்துக்கொண்டு போனேன். அன்று நீங்கள் கதை எதுவும் சொல்லவில்லை. குதிரையைத் தாண்டினோம், ராசாவையும் தாண்டினோம். ஏற்றம் ஆரம்பிக்கிற சரிவில் ஒரு சுமைதாங்கி நின்றது. கூப்பிடு தூரத்தில் மேட்டில் இன்னொன்று. இரண்டும் ஒரே பாறையில் பிளந்ததுபோல், ஒரே உயரம், ஒரே சிவப்பு. அந்தக் கோடையில் நம் வீட்டிலும் வேற்றூரில் ஒரு வீட்டிலும் அப்படி நடந்ததென்று ஊரில் சொன்னார்கள். நீங்கள் சரிவில் இருந்த கல்லில் மூட்டையை இறக்கினீர்கள். இறக்கிவிட்டு, பலகைக்கல் மேல் கன்னத்தை வைத்து அழுதீர்கள். நான் என் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே நின்றேன். எப்போது இறக்குவது என்று தெரியவில்லை.

ஆகவே சரிவில் இருப்பதுதான் தங்கச்சி கல் என்று எடுத்துக்கொண்டேன். யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் சரிவைத் தாண்டிப் போய் மேட்டில்தான் இறக்கினீர்கள். ஏற்றம் முடிகிற இடம், மூச்சு வாங்க வசதி என்று நினைத்துக்கொண்டேன். எந்தக் கல்லில் இறக்கினாலும் குற்றமில்லை. எல்லாம் வழிப்போக்கருக்குப் பொதுதான். ஆனாலும் சொந்தக் கல்லைத் தாண்டிக்கொண்டு போய் இன்னொருவர் கல்லில் யாராவது இறக்குவார்களா? மனசு கேட்குமா? எனக்குக் கேட்கவில்லை. நான் சரிவில் இறக்கி இளைப்பாறிவிட்டு, உங்களுக்காக மேட்டில் இன்னொரு தரம் நிற்பேன்.

பிறகு ஒரு ஆள் வந்தான். மழைக்காலம் முடிந்து, தும்பை பூத்துக் கிடந்த சமயம். தலையில் தகரப்பெட்டி, கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குழந்தைகள். கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போகிறேன், ரயிலடிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டான். நீங்கள் மூட்டையை மேட்டில் வைத்துவிட்டு அவனோடு சரிவுக்கு இறங்கிப் போனீர்கள். என்னைக் கிணற்றுக்கு அனுப்பினீர்கள், குழந்தைகளுக்குத் தண்ணீர் கொண்டுவர. நான் திரும்பி வரும்போது அவன் சரிவில் இருந்த கல்லை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தான். குழந்தைகளையும் தொடச் சொன்னான். அவனும் நீங்களும் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் போன பிறகு நீங்கள் மேட்டுக்குப் போய், உங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பச் சரிவுக்கு வந்து, அந்தக் கல்லில் வைத்தீர்கள். ஏற்றத்தில் ஏறின சுமையைக் கீழே கொண்டுவந்து வைத்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"என்னுங்க மாப்ள இது?"

"சும்மா இருங்க மச்சான். இதுவும் தங்கச்சி கல்லுதான்."

அன்றிலிருந்து உங்கள் வழக்கம் மாறிவிட்டது. சந்தைக்குப் போகும்போது மேட்டில் மூட்டை இறங்கும். திரும்பும்போது, தலையில் வெறும் சாக்கும் புளியும்தான் இருந்தாலும், சரிவில் இறக்காமல் வரமாட்டீர்கள். ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"எதுதானுங்க நம்ம கல்லு? வாயைத் தொறந்து சொல்லுங்க."

"போறப்ப அது உங்க தங்கச்சி. வாரப்ப இது உங்க தங்கச்சி."

"எனக்கு ஒரு தங்கச்சிதான் மாப்ள."

"தெரியுமுங்க" என்றீர்கள். அவ்வளவுதான். கதை சொல்கிற குரலாக அது இல்லை.

இந்த ஒரு மாதமாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆளின் பெண்சாதி கல்தான் சரிவில் இருப்பது, அவன் கடல் தாண்டிப் போகிறான், கல் வெறுமையாக நிற்கக் கூடாது என்று உங்களிடம் கேட்டிருப்பான், நீங்களும் சரி என்றிருப்பீர்கள். மருமகனும் அப்படித்தான் சொல்கிறார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் முதல் நாள் அந்தக் கல்லில் கன்னத்தை வைத்து ஏன் அழுதீர்கள்? அன்று அவன் வந்திருக்கவேயில்லை. சரிவில் இருப்பதுதான் தங்கச்சி என்றால், அவன் ஏன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான்? மேட்டில் இருப்பது அவனுடையது என்றால் ஏன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை? ஒருவேளை நம் கல்லைக் காட்டி, இதுதான் உன் கல் என்று நீங்களே அவனிடம் சொன்னீர்களா? துரைக்குக் குதிரை செத்த மாதிரி? செய்யக்கூடியவர்தான் நீங்கள். எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் வழி மறைந்துபோகிறது.

போன மாதம், சொன்ன கெடுப்படி சந்தைக்கு முந்தின நாள் மேஸ்திரி சுண்ணாம்பு வாளியோடு சரிவில் நின்றார். கல் உடைக்கிற ஆட்களும் நின்றார்கள். நான் தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

"வாங்க பெரியவரே. இப்பெல்லாம் யாருங்க தலச்சொமை தூக்கறாங்க? மூட்டையெல்லாம் பஸ்சு மேல போகுது. இருந்தாலும் கேட்டுட்டீங்க. எதுங்க உங்க கல்லு?"

என் வாயில் உங்கள் வார்த்தைதான் வந்தது. "போறப்ப அதுங்க. வாரப்ப இதுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன் கேட்டான், "ஏனுங்க சாமி, கல்லு எந்திரிச்சு எடம் மாறிக்கிதுங்களா?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. "ஒரு ஊட்டுக்கு ரெண்டு கல்லு யாருங்க நடுவாங்க? ஒண்ணச் சொல்லுங்க. இன்னொண்ணு யாருதுன்னு தெரியுமுங்களா? அவங்க வந்து கேப்பாங்களா?"

கேட்க யாரும் வரமாட்டார்கள். கண்டியிலிருந்து எந்தச் சேதியும் இந்தப் பக்கம் வந்ததில்லை. நான் மேட்டைப் பார்த்தேன். சரிவைப் பார்த்தேன். ஒன்றைச் சொன்னால் மற்றது பொழுதோடு ஜல்லியாகிவிடும். அந்த ஜல்லியில் எந்த ஊர்க்காரன் பெண்சாதி போவாள், என் தங்கச்சி போவாளா, என்னால் சொல்ல முடியவில்லை.

"ரெண்டும் எங்குளுதுதானுங்க" என்றேன்.

"ரெண்டு பேருங்களா?"

"ஆமாங்க. ரெண்டு பேரு. ஒரே கோடை."

மேஸ்திரி தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தானே குனிந்து சுண்ணாம்பு பூசினார். சிரித்தவன் மேட்டுக்கல்லுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

இன்று காலையில் பிண்ணாக்கு வாசம் வந்த பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை; கடுதாசியைத் திரும்பி வந்து சொல்கிறேன் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். சிறு பையில் கொஞ்சம் பிண்ணாக்கு அள்ளி, உங்கள் பழைய சும்மாட்டுத் துணியைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போகிற வண்டியில் ஏறிப் பாதி வழி போய், மீதியை நடந்தேன். மதகுக்கல் தள்ளி நின்றது. கத்திக்காரனும் தள்ளி நின்றான். இன்று அது எனக்குப் பன்றியாகத்தான் தெரிந்தது.

மேட்டை வெட்டிச் சரித்துவிட்டார்கள் மாப்பிள்ளை. மேடும் இல்லை, சரிவும் இல்லை. இரண்டு கல்லையும் ரோட்டோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நட்டிருக்கிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி. மேட்டில் இருந்தது எது, சரிவில் இருந்தது எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இரண்டிலும் சுண்ணாம்பு, இரண்டும் ஒரே உயரம். இனிமேல் நீங்களே வந்தாலும் சொல்ல முடியாது.

பையை ஒன்றில் வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்து மற்றதில் வைத்தேன். பஸ் ஒன்று புழுதியடித்துக்கொண்டு போனது. மேலே மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தவன் எனக்குக் கை காட்டினான். திரும்பி வந்துவிட்டேன்.

வாசலில் மருமகன் நின்றார். "மாமா, பை எங்கீங்க?"

அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எந்தக் கல்லில் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தலைல சும்மாடு இருக்குதுங்களே" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. இன்னும் எடுக்கவில்லை.